மொட்டு முதல் வனம் வரை

ஜன்னலக்காவுக்கு மேடையில் போட்டுக்கொள்ள ஒரு டிரஸ் தேவைப்பட்டது. கேட்டால் சின்ன விஷயம்தான். கடைக்குப் போனோமா, எடுத்தோமா, வந்தோமா என்று முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவள் போன கடைக்கு ஒரு கொள்கை இருந்தது.

காது கேட்கிறவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நடுவில் நின்று, வாயால் சொல்வதைக் கையாலும் கையால் சொல்வதை வாயாலும் மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். நீதிமன்றம், மருத்துவமனை, வங்கி, பிரசவ அறை என்று அவள் நிற்காத மூலை கிடையாது. காது கேளாதவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களுக்குச் சைகையிலேயே ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அவளுக்கு வைத்தது, இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் சேர்த்துப் பிறகு திறக்கிற சைகை: ஜன்னல். கேட்கிறவர்கள் மரியாதைக்கு அதோடு ஓர் அக்காவை ஒட்டிக்கொண்டார்கள். ஆள் கொஞ்சம் பருமன். இந்தக் 'கொஞ்சம்' என்பதும் மரியாதைக்குத்தான்.

கடைவீதியில் ஏழு மாடிக்கு எழுந்து நிற்கும் ஜவுளி மாளிகையில் ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. பருமனான பெண்களுக்கென்றே 'நிறைவகம்' என்ற பிரிவைப் பெரிதாக்கித் திறக்கிறார்கள். அதே மேடையில், மாளிகையின் தையல் கூடத்துக்குக் காது கேளாத பெண்களை வேலைக்கு எடுக்கப்போவதாக நிர்வாக இயக்குநரே அறிவிக்கிறார். ஆகவே ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை. ஜன்னலக்காவைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறுகிற யாராக இருந்தாலும் மாளிகையின் உடையில்தான் ஏற வேண்டும் என்பது விதி என்றும், நிறைவகத்துக்குப் போய் இலவசமாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் விழா மேலாளர் போனில் சொன்னார். இலவசம் என்றதும் அவளுக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருஷமாக அவள் நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டதில்லை. ஆண்கள் பிரிவில் வாங்கிய கறுப்புச் சட்டைகளாலேயே காலம் ஓடியிருந்தது.

முதல் மாடி ஏறியதுமே ஒரு விற்பனைப்பெண் ஓடி வந்து, அவளை ஏற இறங்கப் பார்த்து, ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, நிறைவகம் கீழே இருப்பதாகச் சொன்னாள். கீழே என்றால் தரைத்தளம் இல்லை, அதற்கும் கீழே. மின்தூக்கி அதுவரை போகாது. திரைச்சீலை, மெத்தை உறை, கார் மூடும் துணி எல்லாவற்றையும் தாண்டிப் படியிறங்கினால் ஒரு கதவு வரும். கதவில் ஒரு பெரிய படம். படத்தில் குச்சி மாதிரி ஒரு பெண் பெரிய சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தாள். சட்டை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கிளிப் தெரிந்தது.

உள்ளே ஒரு பொறுப்பாளர் அம்மாள் எழுந்து வரவேற்றாள். பேச்சில் அவ்வளவு கனிவு. யாரோ இறந்துபோன வீட்டுக்கு வந்தவளிடம் பேசுகிற மாதிரி ஜன்னலக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இங்கே எக்ஸ்எல், எக்ஸ்எக்ஸ்எல் என்றெல்லாம் எழுத்துகளால் யார் மனத்தையும் புண்படுத்துவதில்லை, எல்லா அளவுக்கும் அழகான பெயர் வைத்திருக்கிறோம் என்று சொல்லிச் சுவரைக் காட்டினாள். மொட்டு, இதழ், மலர், பூங்கொத்து, தோட்டம், வனம் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் மூன்றும் மேல் மாடிகளில் கிடைக்கும். பூங்கொத்திலிருந்து கீழ்த்தளம்.

டேப்பைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க தோட்டத்தைத் தாண்டிட்டீங்க. ஆனா முழு வனம்னும் சொல்ல முடியாது. காட்டோரம்னு வச்சுக்கலாம்."

ஜன்னலக்கா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். ஒரே நிறத்தில், பூ இல்லாமல், கோடு இல்லாமல், தன் கையின் நிறத்துக்கு எதிராகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கையைப் பார்த்துத்தான் அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். பின்னால் துணியில் பூ ஆடினால் விரல் தெரியாது. அப்புறம், தோள் சரியாக உட்கார வேண்டும், கையைத் தலைக்கு மேலே வரைக்கும் தூக்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, ஒரு நோயாளி தானே மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டதைப் போலப் புன்னகை செய்தாள். பிறகு கொள்கையை விளக்கினாள். நிறைவகத்தில் ஒரே நிறத்தில் உடை கிடையாது. ஒரே நிறம் என்றால் பார்க்கிறவர்களின் கண் நேராக உடம்புக்குப் போய்விடும். அதனால் கண்ணை வழிமாற்றி அனுப்ப வேண்டும். தோளில் சுருக்கம், மார்பில் பூ, வயிற்றின் மேல் ஒரு முடிச்சு, ஓரத்தில் தொங்கல். பார்க்கிறவர் இதையெல்லாம் சுற்றி முடிப்பதற்குள் களைத்துப்போய் வேறு பக்கம் திரும்பிவிடுவார். நிறத்திலும் கறுப்பு, இருண்ட நீலம், ஈரமண் என்று மூன்றுதான். நிர்வாக இயக்குநர் தாமே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை.

அவள் எடுத்துக் கொடுத்த மேல்சட்டை ஈரமண் நிறத்தில் இருந்தது. முட்டைக்கோஸ் அளவுக்குப் பூக்கள். அதை மாட்டிப் பார்க்கப் போனால், உடை மாற்றும் அறை மொட்டுக்காகக் கட்டியது. கதவைச் சாத்தினால் ஜன்னலக்கா வெளியே நிற்க வேண்டும், அவள் உள்ளே நின்றால் கதவு வெளியே நின்றது. எல்லா மாடிக்கும் ஒரே அளவில் மொத்தமாகச் செய்து வாங்கியது என்று அம்மாள் விளக்கிவிட்டு, மெத்தை உறைப் பிரிவிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து திரையாகப் பிடித்துக்கொண்டாள்.

சட்டையின் கழுத்து ஒரு பக்கமாகத் தோளை விட்டு நழுவியது. தோள் தையல் முழங்கையை எட்டிப் பார்த்தது. இடுப்பில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. ஆனால் மேல்கை மட்டும், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிய மாதிரி இறுக்கியது. ஜன்னலக்கா கையைத் தூக்கினாள். மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் கை போகவில்லை, சட்டைதான் போனது.

இதெப்படி இப்படி என்று அவள் கேட்டாள். அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம டிசைனர் மொட்டுக்குத்தாங்க வரைவாரு. அதை மிஷின் அப்படியே பெருக்கிடும். கழுத்து, தோள் எல்லாமே விகிதப்படி பெருகும். கையை மட்டும் பெருக்கறதில்ல, துணி வீணாகும்னு."

"கழுத்து பெருகி என்னங்க பண்ண? நான் கையைத் தூக்கணும்."

"எதுக்குங்க தூக்கணும்?" அம்மாள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நாங்க சர்வே எடுத்தோம். வனம் சைஸ்ல இருக்கறவங்க யாரும் கை தூக்கறதில்லைன்னு வந்துச்சு."

அந்த சர்வே எங்கே எடுத்தார்கள் என்று விசாரித்ததில், இதே அறையில், இதே சட்டையைப் போட்டுப் பார்த்தவர்களிடம் எடுத்தது என்று தெரிந்தது.

சரி, அக்குளில் கொஞ்சம் பிரித்துத் தைத்துக் கொடுங்கள் என்றாள் ஜன்னலக்கா. அதற்கு 'மாற்றக் குழு' என்று ஒன்று கூடி அனுமதிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார்கள், போனாள். குழுவில் டிசைனரும் இருந்தார். கழுத்தைச் சுற்றிப் பட்டுத்துணி கட்டியிருந்த ஒல்லியான மனிதர். ஒரு படைப்பில் கைவைப்பது படைத்தவன் முகத்தில் கைவைப்பதற்குச் சமம் என்று அவர் நெடுநேரம் பேசினார். கடைசியில் குழு ஒருமனதாக ஒரு யோசனை சொன்னது. கையைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துப் பேசக் கூடாதா? மெதுவான குரலில் பேசுகிற மாதிரி? நாகரிகமாகவும் இருக்குமே?

வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக் காட்டினாள். அவள் கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். நழுவிய கழுத்தை இழுத்துச் சரிசெய்து பார்த்தார்.

"எங்க கடையில மூக்குக்கு ஏத்த மாதிரி ஃபிரேமை வளைப்போம்மா. ஃபிரேம் பத்தலைன்னு மூக்கை மடிச்சுக்கச் சொன்னதில்ல."

உன் பழைய கறுப்புச் சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு போ என்று அவர்தான் சொன்னார். எடுத்துக்கொண்டுதான் போனாள். விழா மேலாளர் வாசலிலேயே பையைச் சோதித்து, வெளியார் துணி மேடைக்கு அருகில் வரக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார். வெடிகுண்டைப் பிடித்த மாதிரி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் மாளிகையின் பங்குதாரர்களும் அவர்கள் மனைவிமார்களும், ஓரத்தில் பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். பின்பாதி முழுக்கக் காது கேளாதோர் சங்கத்துப் பெண்கள், விழா தொடங்குவதற்கு முன்பிருந்தே கையால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவி தையல் மிஷினில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். ஊசியில் நூல் கோக்கிற சைகைதான் அவள் பெயர். தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்காக வைத்தது என்று மற்ற எல்லோருக்கும் தெரியும். மேடையில் ஜன்னலக்காவைப் பார்த்ததும், இந்த உறை மனுஷிக்குத் தைத்ததா சோபாவுக்குத் தைத்ததா என்று ஊசியம்மா கையாலேயே கேட்டாள். பின்பாதியில் தோள்கள் குலுங்கின. முன்பாதியில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

நிர்வாக இயக்குநர் எழுந்தார். பக்கத்தில் வெள்ளித்தட்டில் நாடா வெட்டும் கத்தரிக்கோல் பளபளத்தது. அவர் பூரண வடிவ மகளிரே என்று தொடங்கினார்.

ஜன்னலக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். முடிந்த உயரத்துக்குத்தான். பேச்சு தெளிவாக இல்லாவிட்டால் நிறுத்திக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். நீதிபதியையே நிறுத்தியிருக்கிறாள்.

"மன்னிக்கணும் ஐயா. பூரண வடிவம்னா குண்டா இருக்கறவங்களா? சைகையில சொல்லணும், அதான் கேக்கறேன்."

மைக் அதையும் வாங்கி மண்டபத்துக்குக் கொடுத்தது. குண்டு என்ற சொல்லே தம் நிறுவனத்தில் தடைசெய்யப்பட்டது என்றார் இயக்குநர். பூரணம் என்றால் முழுமை. அப்படியானால் முழுமையான பெண்கள் என்று போடுகிறேன், மற்ற பெண்கள் முழுமையில்லாதவர்கள் என்று அர்த்தம் வரும், பரவாயில்லையா என்று அவள் பணிவாகக் கேட்டாள். இயக்குநர் முன் வரிசையைப் பார்த்தார். அங்கே பங்குதாரர்களின் மனைவிமார்கள் மெலிந்த கழுத்துகளை நீட்டி அவரைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"அப்படியும் வரக் கூடாது," என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்ல வந்தது... இந்த, கொஞ்சம் இடம் அதிகமா எடுத்துக்கறவங்க. அவங்களையும் நாங்க ஒதுக்கலைங்கறதுதான். அவங்களுக்குன்னு கீழ தனியா ஒதுக்கியிருக்கோமே."

அவள் அதை அப்படியே சைகையில் கொடுத்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பின்பாதி மறுபடி குலுங்கியது.

இயக்குநர் வேகமாகத் தையல் கூடத்துக்குத் தாவினார்.

"காது கேட்காதது ஒரு குறைன்னு உலகம் சொல்லுது. நாங்க அதைக் குறையாப் பார்க்கல, வசதியாப் பார்க்கறோம். பக்கத்து மிஷின்ல இருக்கறவங்களோட அரட்டை அடிக்க மாட்டாங்க. ரேடியோ கேக்க மாட்டாங்க. சத்தம் அதிகமா இருக்குன்னு புகார் பண்ண மாட்டாங்க."

அரட்டையை அப்போதுதான் பாதியில் நிறுத்தியிருந்த பெண்கள் இதைப் படித்தார்கள். ஊசியம்மா சம்பள விவரத்துக்காகக் காத்திருந்தாள். மண்டபத்தில் பாதிப்பேர் வேலையில்லாதவர்கள். அவள் அவர்களை நம்பிக்கை சொல்லி அழைத்துவந்திருந்தாள்.

வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் மூன்று வருடம் பயிற்சிக்காலம், அதுவரை அரைச் சம்பளம் என்று இயக்குநர் அறிவித்தார். அதைச் சொல்ல ஜன்னலக்கா கை தூக்கினாள். அந்தப் பெண்களின் சைகையில் மாதமும் வருடமும் ஒரே வட்டம்தான். மார்புக்கு முன்னால் சுற்றினால் மாதம். தலைக்கு மேலே சுற்றினால் வருடம். அவள் கை மார்புக்கு வந்தது, சட்டை பிடித்துக்கொண்டது, வட்டம் அங்கேயே சுற்றி முடிந்தது.

பின்பாதியில் முகங்கள் மலர்ந்தன. மூன்றே மாதமா? சிலர் பக்கத்தில் இருந்தவர்களைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து நின்று நன்றி சொன்னாள்.

இவ்வளவு வருஷத்தில் ஜன்னலக்கா ஒரு சொல்லைத் தப்பாகக் கொடுத்ததில்லை. ஒரு முறை அவள் கொடுத்த ஒரு சொல்லால் ஓர் ஆள் சிறைக்குப் போகாமல் தப்பினான். இன்னொரு முறை ஒருத்தி சரியான காலில் அறுவைசிகிச்சை செய்துகொண்டாள். அப்படிப்பட்ட கையிலிருந்து, ஒரு ஈரமண் சட்டை ஒரு பொய்யை வரவழைத்துவிட்டது. கையை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள். மேல்கையில் ரத்தம் நின்றது. தையல் முனகியது, பிரியவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் இவர்கள் எப்படி இவ்வளவு கெட்டியாகத் தைத்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நிமிஷம் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, வெள்ளித்தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். இடது அக்குளில் நுழைத்து ஒரே வெட்டு. கைமாற்றி வலது பக்கம் இன்னொன்று. துணி கிழிகிற சத்தம் மைக் வழியே மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் டிசைனர் எழுந்து, தள்ளாடி, மறுபடி உட்கார்ந்தார். ஜன்னலக்கா கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள். தலைக்கு மேலே, தாராளமாக, ஒரு வட்டம் போட்டாள்.

வருடம். மூன்று வருடம். முன்னால் சொன்னது தப்பு, தப்பு என் கையுடையது, என்று சேர்த்துச் சொன்னாள்.

கட்டிக்கொண்டவர்கள் விலகினார்கள். நின்றவள் உட்கார்ந்தாள். ஊசியம்மா எழுந்தாள்.

அவள் கை கேட்டதை ஜன்னலக்கா குரலாக்கினாள். முப்பது வருஷம் தைத்த எனக்கு மூன்று வருஷத்தில் என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? கொடுக்கப்போகிறவர் யார்? அவருக்குச் சைகை தெரியுமா? இயக்குநர் கேமராக்களைப் பார்த்தார். கேமராக்கள் அவரைப் பார்த்தன. சைகை எல்லாம் தேவைப்படாது, கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம், என்று சொல்லிப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதுவதைக் கண்டதும், அது வேடிக்கைக்குச் சொன்னது என்றார். மூன்று வருடம் என்பது அச்சுப்பிழை என்றார். அவர் கையில் காகிதமே இல்லை என்று முன்னாலிருந்த ஒருவர் நினைவூட்டியதும், மனப்பாடம் செய்ததில் பிழை என்றார். மூன்று மாதம், முழுச் சம்பளம், சைகை தெரிந்த ஒருவர் கூடத்தில் இருப்பார். இது மேடையில் கொடுக்கிற வாக்கு என்றார். அதோடு நிற்காமல் உணர்ச்சிவசப்பட்டு, இந்த மாளிகையின் வரலாற்றில் பெரிய பொய் எதுவும் கிடையாது என்று நெஞ்சில் கைவைத்து முழங்கினார். ஜன்னலக்கா கைகளை எட்டிய மட்டும் உயர்த்தி அதையும் கொடுத்தாள்.

பின்பாதியில் எல்லாக் கைகளும் மேலே எழுந்து விரல்கள் படபடத்தன. காது கேளாதவர்களின் கைதட்டல் அதுதான். ஏதோ ஆபத்து என்று நினைத்து முன்பாதியும் கையைத் தூக்கிவிட்டது.

பெண்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்தார்கள். சேர்ந்த வாரமே ஊசியம்மா அந்த ஈரமண் சட்டையை வாங்கிக்கொண்டுபோய், முடிச்சையும் தொங்கலையும் வெட்டி எறிந்து, பூக்களையெல்லாம் கருநீலச் சாயத்தில் முக்கிச் சாகடித்து, தோளை அதற்குரிய இடத்துக்கு ஏற்றி, அக்குளில் இரண்டு சதுரத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஜன்னலக்கா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தோள் என்று ஒன்று தனக்கு இருப்பதையே அவள் மறந்திருந்தாள். கணவர் கடையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று, யாரோ விருந்தாளி என்று நினைத்தேன் என்றார்.

மாளிகையும் சும்மா இருக்கவில்லை. விழாவில் எடுத்த படங்களில் ஒன்று விளம்பரக் குழுவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு மாதத்தில் ஏழு மாடி உயரத்துக்கு அதைக் கட்டடத்தின் முகப்பில் தொங்கவிட்டார்கள். ஜன்னலக்காவின் இரண்டு கைகள். முழங்கையோடு படம் முடிந்துவிட்டது. முகம், தோள், உடம்பு எல்லாவற்றையும் ஒட்ட வெட்டியிருந்தார்கள். அடியில் 'நிறைவகம்: நாங்கள் சொல்வது இதைத்தான்' என்று எழுதியிருந்தது.

இடது உள்ளங்கை விரிந்திருந்தது. வலது கை விரல்கள் அதை மூடிப் புரண்டிருந்தன. இரண்டும் எட்டிய மட்டும் மேலே நீண்டிருந்தன, அப்படி நீட்டினால் பெரிது என்று அர்த்தம். ஊரில் சைகை தெரிந்த எந்தக் குழந்தையும் எழுத்துக்கூட்டாமல் படித்துவிடும். பெரிய பொய். 'கிடையாது' என்பதற்காக அவள் கைகள் பிரிவதற்குள் கேமரா அவசரப்பட்டிருந்தது.

ஜன்னலக்கா போன் செய்தாள். தப்பான அர்த்தம் வெளியே போனால் சொல்லிவிட வேண்டும், அதுவும் தொழில். விளம்பரக் குழுவின் தலைவர் அவளை முழுதாகப் பேசவிடவில்லை.

"உங்க சங்கடம் எங்களுக்குப் புரியுதுங்க. அதனாலதான் உடம்பை வெட்டிட்டோம். கை மட்டும்தானே இருக்கு. யாருக்கும் நீங்கன்னு தெரியாது, கவலையே படாதீங்க."

அவள் நன்றி சொல்லி போனை வைத்தாள்.

மாலையில் தையல் கூடம் விட்டதும் ஊசியம்மாவும் மற்றவர்களும் எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்கள். மற்ற தெருக்களிலிருந்தும் சைகைக்காரர்கள் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். அண்ணாந்து பார்ப்பதும் வயிற்றைப் பிடித்துக்கொள்வதும் கண்ணைத் துடைத்துக்கொள்வதுமாக, ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு கூட்டம் தினமும் அங்கே கூடியது.

ஏழாவது மாடிக் கண்ணாடி வழியாக நிர்வாக இயக்குநர் அதைப் பார்த்தார். ஒரு விளம்பரம் மக்களை இவ்வளவு மகிழ்வித்து அவர் பார்த்ததில்லை. எல்லாக் கிளைகளிலும் அதையே மாட்டச் சொல்லி அன்றே கையெழுத்துப் போட்டார்.